பிரேக் சூடும் பொதுச் சோதனையும்

நீலகிரி மலைப்பாதைகளில் இறங்குகிறவர்களுக்காக வைத்திருக்கும் போர்டுகளில் திரும்பத் திரும்ப வருவது இரண்டாம் கியர். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று இங்கே பழைய டிரைவர்கள் சொல்வதும் அதைத்தான். கீழேயிருந்து வருகிறவர்களில் பலர் பிரேக்கை மட்டும் நம்பி இறங்குவார்கள். பாதி வழியில் கருகல் வாசனை அடிக்கும், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அப்புறம் வண்டியை ஓரங்கட்டி, சக்கரத்தில் தண்ணீர் ஊற்றலாமா என்று டீக்கடையில் விசாரிப்பார்கள். (ஊற்றக் கூடாது. கொதிக்கும் டிரம் விரிசல் விட்டுவிடும்.)

நாங்கள் மூன்று பேர் கோத்தகிரியில் ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருக்கிறோம். மலைப்பாதையில் மினி பஸ் ஓட்டுவதுதான் விளையாட்டு. இந்தப் பிரேக் சூட்டை அதற்குள் கொண்டுவந்தோம். விடாமல் பிரேக் பிடித்தால் சூடேறும், சூடேறினால் பிடிப்பு குறையும், கியரைக் குறைத்தால் ஆறும். தெரிந்த பையன்கள், உறவுக்காரப் பெண்கள், நிஜமாகவே மினி பஸ் ஓட்டும் இரண்டு அண்ணன்கள் என்று ஆள் சேர்த்து விளையாடக் கொடுத்தோம். "அண்ணா, அப்படியே குஞ்சப்பனை இறங்குற மாதிரியே இருக்கு" என்றான் ஒருவன். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே சோதனைப் பதிப்பு என்று பெயர் வைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டோம்.

சமவெளியில் இருந்தவர்கள் முதல் இறக்கத்திலேயே பள்ளத்தில் விழுந்தார்கள். இரண்டாவது முறையும் விழுந்தார்கள். மூன்றாவது முறை விழ அவர்கள் இருக்கவில்லை. கருத்துப் படிவத்தைத் திறந்து பார்த்தால் ஒரே பாராட்டு மழை. ஆப்பை நீக்கிவிட்டுப் போகிறவன் படிவத்தை நிரப்பிவிட்டா போவான்? நிரப்பியவர்கள் எல்லாம் மலையில் வளர்ந்தவர்கள், எங்களைத் தெரிந்தவர்கள். ஆட்கள் குறைந்துபோனது சர்வர் பதிவுகளைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதுவும் இரண்டு வாரம் கழித்து.

அந்த இரண்டு வாரமும் நாங்கள் செய்தது சோதனையே இல்லை என்று இப்போது தோன்றுகிறது. பிரேக் சூடு உள்ளே வரப்போகிறது என்று மூவரும் ஏற்கெனவே முடிவு கட்டியிருந்தோம். ஊரைக் கூட்டியது ஆமாம் சாமி போட வைக்கத்தான். பெரிய நிறுவனங்கள் பெரிய பணத்தில் செய்த தப்பும் பல நேரம் இதுதான்.

இதற்கு மிகத் தெளிவான உதாரணம் ரூன்ஸ்கேப். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருக்கும் ஜாகெக்ஸ் நிறுவனத்தின் விளையாட்டு அது. 2012இல் அதன் சண்டை முறையை அடியோடு மாற்றினார்கள். எதிரியைக் கிளிக் செய்துவிட்டு நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்டம், திறன்களை வரிசையாக அழுத்த வேண்டிய ஆட்டமாக ஆனது. அதைத் திடீரென்று கொண்டுவரவில்லை. பொது பீட்டா, அதாவது வெளியீட்டுக்கு முன் எல்லோருக்கும் திறக்கும் சோதனைப் பதிப்பு, மாதக்கணக்கில் நடந்தது. பழைய ஆட்டக்காரர்கள் அங்கேயே கத்தினார்கள். இருந்தும் அந்த ஆண்டு நவம்பர் 20 அன்று மாற்றம் எல்லோருக்கும் வந்தது. கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறினார்கள். மூன்றே மாதத்தில், 2013 பிப்ரவரியில், 2007 ஆகஸ்டில் எடுத்து வைத்திருந்த பழைய பிரதியை மறுபடி திறக்கலாமா என்று நிறுவனமே வாக்கெடுப்பு வைத்தது. நான்கு லட்சத்துக்கும் மேல் வாக்குகள் விழுந்தன. பழைய பிரதி தனி விளையாட்டாக வந்து, இன்றும் ஓடுகிறது.

பீட்டா தன் வேலையைச் செய்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டது. கேட்கும் நிலையில் யாரும் இல்லை. அடிபட்ட பிறகு அதே நிறுவனம் மறு ஓரத்துக்குப் போனது: பழைய பிரதியில் எந்தப் புது அம்சம் வந்தாலும் வாக்கெடுப்பில் 75 சதவீதம் பேர் சரி என்று சொல்ல வேண்டும். 2022இல் அதை 70 ஆகக் குறைத்தார்கள். எனக்கு இந்த முறையிலும் முழு நம்பிக்கை இல்லை. விளையாடிப் பார்க்காத ஒன்றின் விவரிப்பைப் படித்துவிட்டு வாக்குப் போடுவது, மெனு கார்டைப் பார்த்துச் சாப்பாட்டுக்கு மார்க் போடுவது போல. ஆனால் ஒரு நன்மை உண்டு. வேண்டாம் என்று சொன்னால் வராது என்பது எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும்.

ஆகவே சோதனைக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை புரோகிராம் எழுதுவது அல்ல, ஒரு தாளில் எழுதுவது. என்ன நடந்தால் இந்த அம்சத்தைக் கைவிடுவோம்? எந்த எண் எவ்வளவு இறங்கினால்? அதை ஆட்கள் வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு, மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பிறகு எழுதினால் கைக்கு வந்த எண்ணுக்கு ஏற்ற மாதிரிதான் எழுதுவோம். மனித மனம் அப்படி.

எண் என்றால் ஒப்பிடப் பழைய எண் வேண்டும். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதற்கு ஒரு பக்கத்து உதாரணம் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தபோது, எண்ணிக்கைக்கு எல்லை வைக்கவில்லை. விண்ணப்பித்தவர்களுக்கெல்லாம் கிடைத்தது. அப்புறம் எதற்கு இந்த வேலை என்று இங்கே பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒரு நாளைக்கு எத்தனை வண்டி ஏறுகிறது என்ற கணக்கு அதில்தான் சேர்ந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6000, வார இறுதியில் 8000 என்ற வரம்பு 2025 ஏப்ரலில்தான் வந்தது. அந்த வரம்பு சரியா தப்பா என்பது தனிச் சண்டை, கடைக்காரர்களிடம் கேட்டால் வேறு பதில் வரும். முதலில் எண்ணி, பிறகு மாற்றிய வரிசையைத்தான் சொல்ல வருகிறேன். எங்களிடம் அது இல்லை. பிரேக் சூடு வருவதற்கு முன் முதல் இறக்கத்தில் எத்தனை பேர் விழுந்தார்கள், எத்தனை பேர் அடுத்த நாள் திரும்பி வந்தார்கள் என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

பீட்டா என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று வேலைகளைப் போட்டுத் திணிப்பது அடுத்த குழப்பம். சர்வர் தாங்குமா என்று பார்ப்பது ஒன்று. எங்கே பக், அதாவது மென்பொருள் கோளாறு, இருக்கிறது என்று தேடுவது இன்னொன்று. இந்த அம்சம் விளையாட்டை நன்றாக்குகிறதா என்று பார்ப்பது மூன்றாவது. முதலாவதற்கு ஒரே நேரத்தில் பெருங்கூட்டம் வேண்டும், இரண்டு நாள் போதும். மூன்றாவதற்குச் சிலர் போதும், ஆனால் வாரக்கணக்கில் விளையாட வேண்டும்.

டியாப்லோ 3 என்ற கணினி விளையாட்டு இதற்கு நல்ல பாடம். 2012 ஏப்ரலில் ஒரு வார இறுதி முழுக்க எல்லோருக்கும் திறந்துவிட்டு சர்வரைச் சோதித்தார்கள். மே 15 அன்று விளையாட்டு வெளியானபோது சர்வர் நெரிசலில் வரும் பிழை 37 என்ற எண்ணைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாமல் ஆட்கள் தவித்தார்கள். அதுகூடப் பரவாயில்லை, சில நாளில் சரியாகிவிட்டது. உண்மையான நோய் வேறு இடத்தில் இருந்தது. பொருட்களை வாங்கி விற்க வைத்திருந்த ஏலக் கூடத்தால், அரக்கனைக் கொன்று பொருள் எடுக்கும் ஆசையே ஆட்களுக்கு விட்டுப்போனது. அது தெரியப் பல பத்து மணி நேரம் விளையாட வேண்டும். பீட்டாவில் கொடுத்ததோ கதையின் தொடக்கப் பகுதி மட்டும். ஏலக் கூடத்தை 2014 மார்ச்சில் மூடிவிட்டார்கள். ஒரு அம்சம் தன் குணத்தைக் காட்ட எவ்வளவு நேரம் எடுக்குமோ, சோதனையும் குறைந்தது அவ்வளவு நேரம் ஓட வேண்டும்.

தேதியும் முக்கியம். ஃபால்அவுட் 76 என்ற விளையாட்டின் பீட்டா 2018 அக்டோபர் 23 அன்று தொடங்கியது. வெளியீடு நவம்பர் 14. மூன்று வாரத்தில் எதை மாற்றிவிட முடியும்? எழுத்துப்பிழை திருத்தலாம். ஆட்டத்தின் எலும்பை மாற்ற முடியாது. போதாக்குறைக்கு, கணினியில் பீட்டா திறந்த அன்று லாஞ்சர் (விளையாட்டை இறக்கித் தொடங்கும் மென்பொருள்) கோளாறால் பலருடைய முழு டவுன்லோடும் அழிந்து, ஏறக்குறைய 50 ஜிபியை மறுபடி இறக்க வேண்டியதாயிற்று. முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் என்று திறக்கும் பீட்டாவை நான் விற்பனைப் பிரிவின் வேலை என்றே எடுத்துக்கொள்கிறேன். காசு கொடுத்துவிட்டவன் தன் தேர்வு தப்பு என்று சொல்லத் தயங்குவான்.

எதிர்ப்பக்கத்தில் மைன்கிராஃப்ட். 2016 பிப்ரவரியில் வந்த 1.9 பதிப்பு வாள் வீச்சுக்கு இடைவெளி வைத்து சண்டையை மெதுவாக்கியது. ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்துபோனார்கள். 2019 ஜூனில், அதை உருவாக்குகிறவர்களில் ஒருவரான, ஜெப் என்று எல்லோரும் அழைக்கும் யென்ஸ் பெர்கென்ஸ்டென், முக்கிய விளையாட்டைத் தொடாமல் சண்டையை மட்டும் மாற்றிய தனிச் சோதனைப் பதிப்பு ஒன்றை விட்டார். கருத்துக் கேட்டார், மாற்றினார், மறுபடி விட்டார். 2020 ஆகஸ்ட் வரை இது நடந்தது. வேண்டியவன் மட்டும் இறக்கிக்கொள்ளலாம், அவனுடைய உலகத்துக்கு ஆபத்தில்லை, ஒவ்வொரு பதிப்பிலும் என்ன மாறியது என்று பட்டியல் உண்டு. சோதனை நடத்தும் விதத்துக்கு இதைவிட நல்ல மாதிரி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மாற்றங்கள் முழுமையாக முக்கிய விளையாட்டுக்குள் வரவே இல்லை. கைவிடுவதில் தப்பில்லை. நேரம் கொடுத்து விளையாடிச் சொன்னவர்களுக்கு, இதோடு முடிந்தது, இன்ன காரணம் என்று ஒரு வரி போட்டுவிட வேண்டும். எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு அழைத்துவிட்டுத் தேதி சொல்லாமல் விட்டால் என்ன பேச்சு வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

இடையில் ஒரு சின்ன விலகல். புது விதிகளை ஆடி ஆடியே செதுக்கிய ஒரு விளையாட்டின் கதை ஊட்டியில்தான் ஓர் அத்தியாயம் முடித்திருக்கிறது. ஸ்னூக்கர். 1875இல் ஜபல்பூரில், மழையில் அடைபட்டிருந்த ராணுவ அதிகாரிகளில் ஒருவரான நெவில் சேம்பர்லேன், அப்போது ஆடிக்கொண்டிருந்த பில்லியர்ட்ஸ் வகை ஆட்டம் ஒன்றில் வண்ணப் பந்துகளைச் சேர்த்துப் பார்த்தார். எல்லா நிறமும் ஒரே நாளில் வரவில்லை. நீலமும் பழுப்பும் பின்னால் வந்தவை என்று சொல்வார்கள். 1882இல், ஏழு வருடம் கழித்து, உதகமண்டலம் கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் விதிகளை எழுதி மாட்டினார்கள். ஏழு வருடம் எந்த மொபைல் கேம் நிறுவனத்துக்கும் கிடைக்காது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: ஒவ்வொரு பந்தாகச் சேர்த்து, அது ஆட்டத்தை என்ன செய்கிறது என்று பார்த்து, கடைசியில்தான் சுவரில் மாட்டினார்கள். நாங்கள் பிரேக் சூட்டோடு சேர்த்து மழை, பனிமூட்டம், புது ஹாரன் சத்தம் எல்லாவற்றையும் ஒரே பதிப்பில் போட்டிருந்தோம். ஆட்கள் போனது எதனால் என்று பிரித்துச் சொல்லவே வழியில்லை. ஹாரனாகக்கூட இருந்திருக்கலாம், அது கொஞ்சம் மோசம்தான்.

சரி, எத்தனை பேர் வேண்டும்? ஆயிரம் ஆட்டத்துக்கு ஒரு முறை வரும் கோளாறை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடுவோம் என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்ல, சுமார் 3000 ஆட்டம் ஓட வேண்டும். 40 பேர் தலா பத்து ஆட்டம் ஆடினால் 400. அந்தக் கோளாறு கண்ணில் பட மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஒரு லட்சம் பேர் விளையாடும் நாளில் அதே கோளாறு நூறு முறை வரும். ஆகவே பக் தேட நண்பர்கள் போதாது, கூட்டம் வேண்டும். புரியாமல் திணறுவதைக் கண்டுபிடிக்கவோ ஐந்தாறு பேரே போதும். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு, அவர்கள் விரலைப் பார்க்க வேண்டும். "அந்த பட்டனை அழுத்துங்க அக்கா" என்று நாம் சொன்ன கணமே அந்தச் சோதனை முடிந்தது.

கூகுள் ப்ளேயில் 2023 நவம்பருக்குப் பிறகு தொடங்கிய தனிநபர் டெவலப்பர் கணக்குகளுக்கு ஒரு நிபந்தனை உண்டு: வெளியிடுவதற்கு முன் 20 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் மூடிய சோதனை. 2024 டிசம்பரில் அதை 12 பேராகக் குறைத்தார்கள். இங்கே புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை ஒரு தொல்லையாகப் பார்த்து, சொந்தக்காரர்களின் மின்னஞ்சலைச் சேர்த்து ஒப்பேற்றிவிடுகிறார்கள். மாமாவின் போனில் ஆப் இருக்கும், திறந்தே இருக்க மாட்டார். அந்த 12 இடத்தில் பாதியையாவது நம்மைத் தெரியாதவர்களுக்குக் கொடுப்பது நல்லது. சோதனைப் பதிப்புக்கு வரும் கருத்து நமக்கு மட்டுமே வரும், கடையில் தெரியும் நட்சத்திர மதிப்பீட்டைத் தொடாது. திட்டு வாங்க இதைவிடப் பாதுகாப்பான இடம் கிடைக்காது.

ஆட்களை இரண்டு பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் புது அம்சம் கொடுத்து ஒப்பிடுவது இப்போது எல்லோரும் செய்வது. ஏ/பி சோதனை என்பார்கள். மலையில் அதற்கு ஒரு சிக்கல். ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) நான்கு பையன்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து விளையாடுவார்கள். ஒருவன் பஸ்ஸில் பிரேக் சூடேறுகிறது, அடுத்தவன் பஸ்ஸில் இல்லை. பத்து நிமிடத்தில் ஒருவன் போனை மற்றவன் வாங்கிப் பார்க்கிறான், அல்லது தன் போனில் ஏதோ கோளாறு என்று நினைத்து அழித்துவிட்டு மறுபடி போடுகிறான். எண்கள் குழம்பிப்போகும். ஆளாகப் பிரிக்காமல் ஊராகப் பிரித்தால் இது பெருமளவு குறையும். கூடவே, கோத்தகிரியும் கோவையும் வேறு வேறு என்பது கண்ணில் படும். எங்களுக்குத் தெரிய வேண்டியிருந்ததும் அதுதானே.

இன்னொன்று சிக்னல். வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் கரண்ட் போனால் நெட்டும் சேர்ந்து போவது சகஜம். ஆப் தன் பதிவுகளை உடனே அனுப்ப முடியாமல் போனால், அந்த ஆட்டம் நடந்ததாகவே நமக்குத் தெரியாது. மோசமான நெட் இருப்பவர்களின் அனுபவம் தன்னால் கணக்கிலிருந்து விழுந்துவிடும்; மிச்சமிருக்கும் எண்கள் அழகாகத் தெரியும். பதிவுகளைப் போனிலேயே சேர்த்து வைத்து, நெட் வந்ததும் அனுப்புகிற மாதிரி எழுத ஒரு நாள் ஆகும். முதல் சோதனைக்கு முன்பே அந்த ஒரு நாளைச் செலவழித்திருக்கலாம்.

சோதனை ஆப்பைத் தனி ஆப்பாக வைப்பதா, அதே ஆப்புக்குள் ஒரு கதவு வைப்பதா என்பதில் எனக்கு இன்னும் தீர்மானமான பதில் இல்லை. தனியாக வைத்தால் பழைய சேமிப்பு கெடாது. ஆனால் இடம் நிரம்பி வழியும் போனில் இரண்டாவது ஆப்பை யார் வைப்பார்கள்? நல்ல போன் இருப்பவன் மட்டும் சோதனைக்கு வருவான். ஓவர்வாட்ச் என்ற அணிச் சண்டை விளையாட்டு நீண்டகாலம் கணினிக்கு மட்டும் தனிச் சோதனை சர்வர் வைத்திருந்தது. 2020இல் அதே விளையாட்டுக்குள் பரிசோதனை அட்டை என்று ஒரு வழி திறந்து, கன்சோலில் ஆடுகிறவர்களையும் உள்ளே விட்டது. அதில் முதலில் சோதித்தது அணிக்கு மூன்று தாக்குபவர், ஒரே டாங்கி (முன்னால் நின்று அடி தாங்குபவர்) என்ற அமைப்பு. ஆடிப் பார்த்துவிட்டு அந்த வடிவத்தை விட்டுவிட்டார்கள். எப்படி வைத்தாலும் அம்சத்தை அணைக்கும் சுவிட்ச் நம் சர்வரில் இருக்க வேண்டும். கூகுள் ப்ளே கடையில் படிப்படியாக வெளியிட்டு நடுவில் நிறுத்தினாலும், ஏற்கெனவே அப்டேட் வாங்கிய போன்களில் பழைய பதிப்பு தானாகத் திரும்பாது.

பரிசு கொடுக்கலாமா? ஃப்ரீ ஃபயர் விளையாட்டின் சோதனைப் பதிப்பான அட்வான்ஸ் சர்வரில் பக் சொன்னால், விளையாட்டுக்குள் செலவழிக்கும் டைமண்ட் கொடுத்தது இங்கே பள்ளிப் பையன்களுக்குக்கூடத் தெரியும். எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தால் குப்பை சேரும். வேறு யாரும் சொல்லாததை முதலில் சொன்னவனுக்குக் கொடுத்தால் பயன் உண்டு. ஒருவன் ஓட்டையைக் கண்டுபிடித்தான் என்பதற்காக அவனை விரட்டவும் கூடாது. 1997 ஆகஸ்டில் அல்டிமா ஆன்லைன் என்ற விளையாட்டின் பீட்டாவில் ரெய்ன்ஸ் என்ற பெயரில் ஆடியவர், நெருப்புச் சுருள் ஒன்றை வீசி அந்த விளையாட்டு உலகின் அரசரான லார்ட் பிரிட்டிஷைக் கொன்றுவிட்டார். அந்தப் பாத்திரத்தை ஆடியவர் விளையாட்டை உருவாக்கிய ரிச்சர்ட் காரியட். சாகாவரத்தை இயக்க மறந்திருந்தார். ரெய்ன்ஸைப் பீட்டாவிலிருந்து நீக்கினார்கள். பழைய பக்குகளைச் சொல்லாமல் பயன்படுத்தினார் என்பது காரணம். விதிப்படி சரியாக இருக்கலாம். நானாக இருந்தால் அவரை வேலைக்கு எடுத்திருப்பேன்.

சோதனைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள் என்பதால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களைக் குழந்தைகள் என்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய சம்மதம் கேட்கிறது. படிவத்தில் போன் நம்பர், பள்ளிப் பெயர் எல்லாம் எதற்கு? எந்த வளைவில் விழுந்தான் என்பது தெரிந்தால் போதும்.

எங்கள் இரண்டாவது சோதனை பிப்ரவரியில் நடந்தது. மழை, பனிமூட்டம், ஹாரன் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பிரேக் சூடு மட்டும். தாளில் ஒரே வரி: சமவெளி ஆட்களில் முதல் இறக்கத்தோடு நிறுத்துகிறவர்கள் பிரேக் சூடு இல்லாத பதிப்பைவிடக் கூடினால், இந்த அம்சம் முதல் கட்டங்களில் இருக்காது. மூன்று கையெழுத்து. மேட்டுப்பாளையம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஆறு பேருக்குப் போனைக் கொடுத்தோம். ஐந்து பேர் பிரேக்கையே அழுத்திக்கொண்டிருந்தார்கள். திரையில் கியர் பட்டன் இருப்பதையே அவர்கள் பார்க்கவில்லை. ஆறாவது ஆள் லாரி டிரைவர், முதல் முயற்சியிலேயே இறங்கிவிட்டு, "இதுல என்ன தம்பி இருக்கு?" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

சர்வர் எண்களும் அதையே சொன்னதால், தாளில் எழுதியபடி முதல் மூன்று கட்டங்களிலிருந்து பிரேக் சூட்டை எடுத்தோம். நான்காவது கட்டத்தில் அது வருவதற்கு முன் ஒரு போர்டு வைத்தோம், சாலையில் இருப்பது போலவே மஞ்சள் நிறத்தில்: இரண்டாம் கியரில் இறங்கவும். பையன்களுக்கு இது பிடிக்கவில்லை. முதல் இறக்கத்தில் இப்போது சுவாரசியம் போய்விட்டது என்கிறார்கள், அதுவும் உண்மைதான். அவர்களுக்காக அமைப்புகளில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறோம். அதை எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.